மரபுச் சொத்து அறநிறுவனங்களும் சார்நிலைச் சட்டமும்: புதிதாக வருபவருக்கு ஒரு கையேடு

இங்கிலாந்திலோ வேல்ஸிலோ பழைய மாளிகை, தேவாலயம், கால்வாய் போன்றவற்றைக் காக்கும் ஓர் அறநிறுவனத்தில் புதிதாக அறங்காவலர் ஆகியிருக்கிறீர்கள். அல்லது அதன் அலுவலகத்தில் நிர்வாகப் பணிக்கு வந்திருக்கிறீர்கள். அல்லது ஆண்டுக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவர நினைக்கும் உறுப்பினர் நீங்கள். எப்படி இருந்தாலும் முதலில் முட்டுவது ஒரே கேள்விதான்: இதை முடிவு செய்யும் உரிமை யாருக்கு?

அதற்கான பதில் ஒரே ஆவணத்தில் இருக்காது. மேலே நாடாளுமன்றச் சட்டம், அந்தச் சட்டம் தந்த அதிகாரத்தில் அமைச்சர் பிறப்பித்த ஆணை, ஆணையின் அட்டவணையில் ஒரு நிர்வாகத் திட்டம், அந்தத் திட்டம் அனுமதித்தபடி நிறுவனமே எழுதிக்கொண்ட உள்விதிகள் என்று அது அடுக்கடுக்காகக் கிடக்கும். நடுவில் இருக்கும் ஆணைகளும் விதிமுறைகளும்தான் சார்நிலைச் சட்டம். பெரும்பாலும் அவை ‘ஸ்டாட்யூட்டரி இன்ஸ்ட்ருமென்ட்’, சுருக்கமாக எஸ்.ஐ., என்ற வடிவில் ஆண்டும் எண்ணும் இட்டு வெளிவரும். ஒரு விதி எந்த அடுக்கில் இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால், அதை யார் மாற்றலாம் என்பதும் தெரிந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்காகத்தான்.

ஸ்காட்லாந்துக்கும் வட அயர்லாந்துக்கும் தனித்தனிச் சட்டமும் தனித்தனிக் கண்காணிப்பாளரும் உண்டு. நேஷனல் டிரஸ்ட் ஃபார் ஸ்காட்லாந்து என்பது, பழைய மாளிகைகளையும் நிலங்களையும் காக்கும் பெரிய அறநிறுவனமான நேஷனல் டிரஸ்டின் கிளை அல்ல. அந்த ஸ்காட்லாந்து டிரஸ்டின் நிர்வாகத்தை 2013இல் ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் ஒரு தனிச்சட்டம் திருத்தியமைத்தது. இங்கே சொல்வதை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

முதல் படி: நிறுவனம் எந்த வகை?

அறநிறுவனங்களைக் கண்காணிக்கும் அமைப்பான சாரிட்டி கமிஷனின் இணையப் பதிவேட்டில் பெயரை அல்லது பதிவு எண்ணைத் தேடுங்கள். நேஷனல் டிரஸ்டின் எண் 205846. நிர்வாகம் பற்றிய பகுதியில் ஆளும் ஆவணம் எது என்று ஒன்றிரண்டு வரிகள் இருக்கும். அதில் ‘ஆக்ட்’, ‘ஆர்டர்’, ‘ஸ்கீம்’ என்ற சொற்கள் வந்தால் நீங்கள் சட்டவழி அறநிறுவனத்தில் இருக்கக்கூடும். ‘மெமோரண்டம் அண்ட் ஆர்ட்டிகிள்ஸ்’ என்றால் அது கம்பெனி. ‘கான்ஸ்டிட்யூஷன்’ என்று மட்டும் இருந்தால் சங்கமாகவோ, சி.ஐ.ஓ. என்னும் கூட்டிணைக்கப்பட்ட அறநிறுவனமாகவோ இருக்கலாம். ‘ராயல் சார்ட்டர்’ என்றால் அரச சாசனம்.

இங்கே இரண்டு இடங்களில் தடுக்கி விழுவார்கள். ஒன்று, தேடியும் பெயர் கிடைக்காமல் போவது. விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் அருங்காட்சியகம் போன்றவை ‘விலக்குப் பெற்ற’ அறநிறுவனங்கள். கமிஷனின் பதிவேட்டில் அவை வராது. அவற்றின் அறங்காவலர் குழு நேஷனல் ஹெரிட்டேஜ் ஆக்ட் 1983இல் வரையறுக்கப்பட்டிருக்கிறது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் பிரதமர். மற்றொன்று, பெயர்க் குழப்பம். அதே 1983 சட்டம் அமைத்த ஆணையத்தை நெடுங்காலம் எல்லோரும் ‘இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்’ என்றே அழைத்தார்கள். 2015 ஏப்ரல் 1 முதல் அந்த ஆணையம் ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ என்ற பெயரில் இயங்குகிறது. ‘இங்கிலிஷ் ஹெரிட்டேஜ்’ என்ற பெயர் நினைவுச்சின்னங்களைப் பராமரிக்கும் தனி அறநிறுவனத்துக்குப் போய்விட்டது. 2015க்கு முந்தைய ஆவணத்தில் அந்தப் பெயரைப் பார்த்தால், எதைச் சொல்கிறது என்று நிதானித்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: சரியான பிரதி

பிரிட்டிஷ் அரசின் சட்டத் தளத்தில் ஒவ்வொரு சட்டத்துக்கும் ஆணைக்கும் இரண்டு பிரதிகள் இருக்கக்கூடும்: முதலில் வெளியான வடிவம், பிற்காலத் திருத்தங்கள் சேர்த்த வடிவம். பக்கத்தைத் திறந்ததும் எது உங்கள் கண்முன் இருக்கிறது என்று பாருங்கள். பல ஆணைகளுக்குத் திருத்திய பிரதியே கிடையாது. அப்போது பின்னால் வந்த ஆணைகளை நீங்களே தேடி, பென்சிலால் குறித்துக்கொள்ள வேண்டியதுதான். நேஷனல் டிரஸ்டின் 1907, 1919, 1937, 1939, 1953, 1971ஆம் ஆண்டுச் சட்டங்கள் ‘லோக்கல் ஆக்ட்’ என்ற வகையைச் சேர்ந்தவை. அந்த வகைப் பழஞ்சட்டங்களின் திருத்திய பிரதியைத் தளத்தில் எதிர்பார்க்க முடியாது. நிறுவனங்கள் இவற்றைத் தொகுத்து வெளியிடுவது உண்டு. படிக்க அது வசதி. ஆனால் சட்ட ஆலோசகருக்குக் கடிதம் எழுதும்போது மூலத்தை மேற்கோள் காட்டுங்கள்.

மேற்கோள் காட்டும் முறை எளிது: ஆண்டு, சாய்கோடு, எண். சி.ஐ.ஓ.க்களுக்கான பொது விதிமுறைகள் எஸ்.ஐ. 2012/3012. ஒத்த பெயருள்ள ஆணைகள் ஆண்டுக்கு ஆண்டு வருவதால் எண் இல்லாத மேற்கோளை நம்பவே கூடாது.

மூன்றாம் படி: ஆணையைப் படிக்கும் வரிசை

நேஷனல் டிரஸ்டின் நிர்வாகத்தை மாற்றிய ‘சாரிட்டீஸ் (நேஷனல் டிரஸ்ட்) ஆர்டர் 2005’ஐ எடுத்துக்கொள்வோம். புதியவர்கள் கடைசிப் பக்கத்தின் விளக்கக் குறிப்பிலிருந்து தொடங்குவார்கள். தொடங்கலாம், தவறில்லை, ஆனால் ‘இந்தக் குறிப்பு ஆணையின் பகுதி அல்ல’ என்று அங்கேயே அச்சிட்டிருக்கும். சட்டத் தகராறில் அதைத் தூக்கிக்கொண்டு போக முடியாது.

பிறகு மேலே வாருங்கள். தலைப்புக்குக் கீழே தேதிகள்: பிறப்பித்த நாள், நாடாளுமன்றத்தில் வைத்த நாள், நடைமுறைக்கு வரும் நாள். கணக்கில் எடுக்க வேண்டியது கடைசித் தேதி. சில நேரம் வெவ்வேறு பிரிவுகள் வெவ்வேறு நாளில் அமலுக்கு வரும்.

அடுத்தது முகப்புரை. எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு தந்த அதிகாரத்தில் இந்த ஆணை பிறக்கிறது என்று அங்கே இருக்கும். 2005 ஆணைக்கு அது சாரிட்டீஸ் ஆக்ட் 1993இன் 17ஆம் பிரிவு. இந்த வரியைப் பார்த்துப் பலர் பதறுவதுண்டு: 1993 சட்டம் நீக்கப்பட்டுவிட்டதே, அப்படியானால் ஆணையும் போய்விட்டதா? போகவில்லை. அதே அதிகாரம் சாரிட்டீஸ் ஆக்ட் 2011இன் 73ஆம் பிரிவில் மறுபடி இயற்றப்பட்டிருக்கிறது. நீக்கிய சட்டத்தை அப்படி மறுபடி இயற்றும்போது, பழைய அதிகாரத்தின் கீழ் வந்தவை புதியதன் கீழ் வந்தவையாகத் தொடரும் என்பது இன்டர்பிரெட்டேஷன் ஆக்ட் 1978 தரும் பொதுவிதி.

ஆணையின் உடற்பகுதி பெரும்பாலும் மெலிந்திருக்கும். ‘அட்டவணையில் கண்ட திட்டம் அமலுக்கு வருகிறது’ என்பதற்கு மேல் அதில் அதிகம் இராது. சரக்கெல்லாம் அட்டவணையில். அதை இரண்டு முறை படியுங்கள். முதல் முறை வரையறைகளை மட்டும் பாருங்கள். ‘கவுன்சில்’, ‘அறங்காவலர்’, ‘உறுப்பினர்’ என்ற சொற்களுக்கு அந்த ஆணைக்குள் தனிப்பொருள் இருக்கும். அன்றாடப் பேச்சில் நீங்கள் நினைக்கும் பொருளாக அது இருக்க வேண்டியதில்லை. இரண்டாம் முறை வினைச்சொற்களைப் பாருங்கள்: ‘செய்ய வேண்டும்’ என்கிறதா, ‘செய்யலாம்’ என்கிறதா?

நான்காம் படி: அதிகார அட்டவணை

ஒரு தாளில் நான்கு பத்திகள் போடுங்கள்: என்ன முடிவு, யார் எடுப்பது, எந்த ஆவணத்தின் எந்தப் பிரிவு, குறைந்தபட்ச வருகை அல்லது வாக்கு எவ்வளவு. அறங்காவலர் நியமனம், பதவிக்காலம், நீக்கம், சந்தா நிர்ணயம், நில விற்பனை, குத்தகை, கடன், துணைவிதிகள், உறுப்பினர் தீர்மானம் என்று வரிசையாக நிரப்புங்கள். மூன்றாம் பத்தி காலியாக நிற்கும் வரிகள்தான் உங்கள் நிறுவனத்தில் ‘எப்போதும் இப்படித்தான் செய்கிறோம்’ என்ற பெயரில் நடப்பவை. அவற்றைச் சிவப்பில் வட்டமிடுங்கள்.

நேஷனல் டிரஸ்டில் இந்த அட்டவணை கண்ணைத் திறக்கும். முன்பு அதன் கவுன்சிலில் 52 பேர்: பாதியை உறுப்பினர்கள் தேர்ந்தெடுத்தார்கள், மறுபாதியை வெளி அமைப்புகள் நியமித்தன. சட்டத்தின் பார்வையில் அத்தனை பேரும் அறங்காவலர்கள். 52 பேர் கூடி ஒரு பெரிய நிறுவனத்துக்குப் பொறுப்பேற்பது நடக்கிற காரியமா? 2003இல் பிளேக்கன்ஹாம் பிரபு தலைமையிலான மறுஆய்வு இதைத்தான் கேட்டது. 2005 ஆணை அறங்காவலர் பொறுப்பை ஒரு சிறிய குழுவுக்கு மாற்றியது. அந்தக் குழுவை நியமிப்பதும் அதைக் கேள்வி கேட்பதும் கவுன்சிலின் வேலை ஆயின. பின்னர் கவுன்சிலின் எண்ணிக்கையும் 36 ஆகக் குறைந்தது.

இதன் விளைவைப் பல உறுப்பினர்கள் கடைசி வரை புரிந்துகொள்வதில்லை. நீங்கள் வாக்களிப்பது கவுன்சிலுக்கு. அறங்காவலர்களை நீங்கள் நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. ஆண்டுக் கூட்டத்தில் நிறைவேறும் உறுப்பினர் தீர்மானம் அறங்காவலர்களைக் கட்டுப்படுத்தாது. அது வலுவான கருத்து, அவ்வளவுதான். அறநிறுவனச் சட்டப்படி இறுதிப் பொறுப்பு அறங்காவலர்மேல் இருப்பதால், தீர்மானம் நிறுவனத்தின் நோக்கத்துக்கு எதிரானது என்று அவர்கள் கருதினால் அதைப் பின்பற்றாமல் இருக்கவே அவர்கள் கடமைப்பட்டவர்கள். கூட்டத்தில் கோபப்படுவதற்கு முன் இதைத் தெரிந்துகொண்டால், ஆற்றலைக் கவுன்சில் தேர்தலில் செலவிடலாம். அங்கேதான் உறுப்பினர் வாக்குக்கு நேரடிப் பலன் உண்டு.

ஐந்தாம் படி: யாராலும் கைவைக்க முடியாதது எது?

அறங்காவலருக்கே அதிகாரம் இல்லாத முடிவுகளும் உண்டு. நேஷனல் டிரஸ்ட் ஆக்ட் 1907இன் 21ஆம் பிரிவு ஒரு சொத்தை ‘கைமாற்ற முடியாதது’ என்று அறிவிக்க வழிசெய்கிறது. அறிவித்தபின் அதை விற்கவோ அடமானம் வைக்கவோ முடியாது. எதிர்கால அறங்காவலர்கள் மனம் மாறினாலும் அந்த அறிவிப்பைத் திரும்பப் பெற வழியில்லை. சட்டத்துக்கு உட்பட்டுக் குத்தகைக்கு விடலாம்.

அரசு சாலைக்காகவோ ரயில் பாதைக்காகவோ அத்தகைய நிலத்தைக் கட்டாயமாக எடுக்க முனைந்து, டிரஸ்ட் எதிர்ப்புத் தெரிவித்து அதை விலக்கிக்கொள்ளாவிட்டால், விஷயம் நாடாளுமன்றத்தின் சிறப்பு நடைமுறைக்குப் போகும். நிலம் கையகப்படுத்தும் 1981 சட்டத்தின் 18ஆம் பிரிவும், பெருந்திட்டங்களுக்கான பிளானிங் ஆக்ட் 2008இன் 130ஆம் பிரிவும் இதைச் சொல்கின்றன. டிரஸ்ட் எதிர்க்காவிட்டால் அந்தக் காப்பு செயல்படாது என்பதையும் கவனியுங்கள். ‘கைமாற்ற முடியாதது என்றால் நாடாளுமன்றம் தவிர யாரும் தொட முடியாது’ என்று செய்திகளில் வரும் வாசகம் பாதி உண்மைதான்.

டிரஸ்டின் எல்லா நிலமும் இந்த வகை அல்ல. முதலீடாக வந்த சொத்துகள் சாதாரணமாக விற்கப்படக்கூடியவை. மூன்றாவது வகை ஒன்றும் இருக்கிறது: 1937 சட்டத்தின் 8ஆம் பிரிவின் கீழ், நில உரிமையாளர் தம் நிலத்தில் இன்னின்னது செய்யமாட்டேன் என்று டிரஸ்டுக்கு எழுதித் தரும் கட்டுப்பாட்டு ஒப்பந்தம். அந்த நிலம் டிரஸ்டுடையது அல்ல. கட்டுப்பாட்டை வலியுறுத்தும் உரிமை மட்டுமே அதனுடையது. ஒரு சொத்தைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் இந்த மூன்றில் எது என்று கேளுங்கள். மூன்றுக்கும் பதில் வெவ்வேறு.

ஆறாம் படி: பணமும் கைமாற்றமும் எந்த ஆணையில்?

சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட், வழிபாடு நின்றுபோன ஆங்கிலிக்கன் தேவாலயங்களைக் காக்கிறது. 350க்கும் மேற்பட்டவை அதன் பொறுப்பில். 1969இல் வேறு பெயரில் தொடங்கிய இதற்கு அடித்தளம் திருச்சபையின் ‘மெஷர்’ என்னும் சட்டம்; இப்போது மிஷன் அண்ட் பாஸ்டரல் மெஷர் 2011. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம்: மெஷர் சார்நிலைச் சட்டம் அல்ல, நாடாளுமன்றச் சட்டத்துக்கு ஈடானது. சார்நிலைச் சட்டம் வருவது பணத்தில். அரசு தரும் நிதிக்கு ஓர் ஆணை, திருச்சபையின் சொத்து நிதியை நிர்வகிக்கும் சர்ச் கமிஷனர்கள் தரும் நிதிக்கு இன்னோர் ஆணை. அரசுத் தரப்பு ஆணை இன்ன காலத்துக்கு இவ்வளவு தொகை வரை என்று உச்சவரம்பு வைக்கிறது. வரவு செலவுத் திட்டம் தயாரிக்கும் புதியவர் அந்த உச்சவரம்பை உறுதியான வரவாக எழுதிவிடுவார். ஆணை அனுமதிதான், காசோலை அல்ல.

கனால் அண்ட் ரிவர் டிரஸ்டில் கதை வேறு. இங்கிலாந்து, வேல்ஸ் கால்வாய்களை நிர்வகித்த பொதுத்துறை அமைப்பின் பணிகளை, பப்ளிக் பாடீஸ் ஆக்ட் 2011இன் கீழ் வந்த 2012ஆம் ஆண்டு ஆணை இந்த அறநிறுவனத்துக்கு மாற்றியது. 2012 ஜூலையில் அது பொறுப்பேற்றது. டிரஸ்டோ ஒரு கம்பெனி. ஆகவே அறங்காவலர் எத்தனை பேர், கூட்டம் எப்படி என்பதை அதன் கம்பெனி விதிகளில் பார்க்க வேண்டும். கால்வாய்களைத் திறந்து வைக்கும் கடமை, படகு உரிமக் கட்டணம் போன்றவற்றை ஆணை வழியாக வந்த பழைய போக்குவரத்துச் சட்டங்களில் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் படித்தவர் பாதி நிறுவனத்தைத்தான் பார்த்தவர்.

ஏழாம் படி: எல்லோருக்கும் பொதுவான விதிமுறைகள்

கணக்கும் ஆண்டறிக்கையும் 2008ஆம் ஆண்டு விதிமுறைகளின்படி. தணிக்கை எப்போது கட்டாயம் என்ற வருமான வரம்பு சட்டத்தில் இருந்தாலும், அந்த எண்ணை ஆணையால் மாற்றலாம். 2015இல் அப்படித்தான் 5 லட்சம் பவுண்டிலிருந்து 10 லட்சம் பவுண்டாக உயர்ந்தது. எனவே இந்த வரம்பை எந்தக் கையேட்டிலிருந்தும், இதிலிருந்தும்கூட, எடுக்காதீர்கள். உங்கள் நிதியாண்டுக்குப் பொருந்தும் எண்ணைக் கமிஷன் தளத்தில் பாருங்கள்.

நிலம் விற்பதானால் சாரிட்டீஸ் ஆக்ட் 2011இன் 117 முதல் 121 வரையான பிரிவுகள் பொருந்தும். ஒப்பந்தத்துக்கு முன் தகுதியுள்ள ஆலோசகரின் எழுத்துமூல அறிக்கை வாங்க வேண்டும். அறிக்கையில் என்ன இருக்க வேண்டும் என்பதை 2023ஆம் ஆண்டு விதிமுறைகள் சொல்கின்றன. அவற்றுக்கு முன் இருந்த 1992 விதிமுறைகளின் மாதிரிப் படிவங்கள் இன்னும் பல அலுவலகக் கோப்புகளில் கிடக்கின்றன; கிழித்துப் போடுங்கள். விலக்குப் பெற்ற அறநிறுவனங்களுக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை. ஒரு சட்டமோ திட்டமோ அந்த விற்பனைக்கு வெளிப்படையாக அதிகாரம் தந்திருந்தாலும் இல்லை. அந்த ‘வெளிப்படையாக’ என்ற சொல்லில்தான் வழக்கறிஞர் கட்டணம் ஏறும்.

எட்டாம் படி: நிர்வாக விதியை மாற்றுவது

முதலில் ஆணை தேவையா என்று பாருங்கள். கூட்ட நடைமுறை, துணைக்குழுக்கள், அஞ்சல் வாக்கு போன்றவற்றைப் பெரும்பாலும் திட்டமே உள்விதிகளுக்கு விட்டிருக்கும். அதற்காக லண்டனுக்கு மனுப்போடுவது வீண்வேலை.

கம்பெனி என்றால் 75 சதவீதப் பெரும்பான்மையில் சிறப்புத் தீர்மானம். சி.ஐ.ஓ. என்றால் பொதுக்கூட்டத்தில் பதிவான வாக்குகளில் 75 சதவீதம், அல்லது கூட்டமின்றி எல்லோரும் ஒருமித்து. நோக்கம், கலைப்பின்போது சொத்து எங்கே போகும், அறங்காவலருக்குக் கிடைக்கும் பலன் ஆகியவற்றைத் தொடும் மாற்றத்துக்குக் கமிஷனின் முன்னனுமதி வேண்டும். அரச சாசன நிறுவனங்களுக்கு சாரிட்டீஸ் ஆக்ட் 2022 தீர்மானம் மூலம் திருத்தும் அதிகாரம் தந்திருக்கிறது. மன்னரின் ஆலோசனை அவையான பிரிவி கவுன்சில் வழியாக ஒப்புதல் ஆணை வந்தபிறகே அது செல்லும்.

சட்டத்தால் அமைந்த நிறுவனத்துக்கு சாரிட்டீஸ் ஆக்ட் 2011இன் 73ஆம் பிரிவு வழி. அறங்காவலர் தீர்மானத்தோடு கமிஷனை அணுகுங்கள். வரைவை முழுதாக எழுதி எடுத்துப்போவதைவிட, எந்தப் பிரிவு ஏன் தடையாக இருக்கிறது என்ற இரண்டு பக்கக் குறிப்போடு போவது நல்லது. முழு வரைவைக் கொண்டுபோனால் பேச்சு காற்புள்ளியில் சிக்கிக்கொள்ளும். கமிஷன் திட்டத்தை இறுதி செய்து, பொது அறிவிப்பு வெளியிட்டு, கருத்துச் சொல்ல அந்த அறிவிப்பில் குறிப்பிட்ட காலம் தரும். அமைச்சரிடம் அனுப்புவது அதற்குப் பிறகுதான். அமைச்சர் ஆணை பிறப்பித்து நாடாளுமன்றத்தில் வைப்பார். பொதுச் சட்டத்தால் அமைந்த நிறுவனங்களுக்கு முன்பு இரு அவைகளின் முன்னொப்புதல் தேவைப்பட்டது. 2022 சட்டத்தால் வந்த மாற்றம் 2022 அக்டோபர் 31 முதல் அந்த நடைமுறையை எளிதாக்கியிருக்கிறது.

ஏதேனும் ஓர் அவை எதிர்த்துத் தீர்மானித்தால் மட்டும் ஆணை ரத்தாகும் இந்த எளிய முறையில் 40 நாள் அவகாசம் உண்டு. இரு அவைகளும் நான்கு நாளுக்குமேல் ஒத்திவைக்கப்பட்டிருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. ஜூலைக் கடைசியில் வைத்த ஆணையின் 40 நாள் இலையுதிர்காலம் வரை இழுக்கும். அமலுக்கு வருமுன் 21 நாளாவது அவையின் முன் கிடக்க வேண்டும் என்ற மரபும் இருக்கிறது. அடுத்த ஆண்டுக் கூட்டத்திலேயே புதிய முறைப்படி தேர்தல் என்று உறுப்பினர்களுக்கு வாக்குக் கொடுப்பதற்கு முன் நாட்காட்டியைப் பின்னாலிருந்து எண்ணிப் பாருங்கள். பொதுத்தேர்தல் குறுக்கே வந்தால் எல்லாக் கணக்கும் தள்ளிப்போகும்.

வரைவில் அடிக்கடி விடுபடுவது இடைக்காலப் பிரிவு. இப்போதைய அறங்காவலரின் பதவிக்காலம் புதிய உச்சவரம்பில் சேருமா? பாதியில் நிற்கும் தேர்தல் எந்த விதியில் முடியும்? பழைய குழு கையெழுத்திட்ட ஒப்பந்தங்கள் யார் பெயரில் தொடரும்? இம்மூன்றுக்கும் விடை எழுதாத ஆணை அமலுக்கு வந்தால், முதல் கூட்டத்திலேயே யாருக்கு வாக்குரிமை என்று வாக்குவாதம் வரும். அமலான அன்றே பதிவேட்டின் ஆளும் ஆவண வரி, வங்கிக் கையொப்ப அதிகாரம், அறங்காவலர் கையேடு ஆகியவற்றையும் மாற்றுங்கள். பதிவேட்டை மாற்ற மறப்பதுதான் அதிகம் நடக்கிறது, அடுத்து வரும் புதியவர் தேடத் தொடங்குவதும் அங்கிருந்துதான்.